பயணம் சுருங்கிவிட்டது, ஆயத்தம் நீளட்டும்!

 

கும்மிடிப்பூண்டியில் ஃபஜ்ருத் தொழுகை முடித்துப் பள்ளிவாசலைவிட்டு வெளியே வந்தால் இருவகைக் கூட்டத்தைக் காணலாம். இரவுப் பணி முடிந்து சிப்காட் தொழிற்பேட்டையிலிருந்து திரும்பும் இளைஞர்கள் ஒருபுறம். முதல் ஷிப்டுக்குச் செல்வதற்காகத் தொழிற்சாலைப் பேருந்தை எதிர்நோக்கி நிற்பவர்கள் மறுபுறம். சில நாட்களில் மூன்றாவதாக ஒரு கூட்டமும் சேர்ந்துகொள்ளும். பள்ளிவாசல் வாயிலில் ஒரு வேன் நிற்கும். அதன் மேல் புதுப் பெட்டிகள் ஏற்றப்பட்டிருக்கும். ஒரே நிறத்துப் பைகளைத் தோளில் மாட்டிய முதியவர்களும் பெண்களும் கண் கலங்க விடைபெறுவார்கள். அவர்கள் உம்ராவுக்குப் புறப்படும் குழுவினர்.

இரும்பு உருட்டாலையிலும் வார்ப்படக் கூடத்திலும் உழைத்துச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். ஓய்வு பெற்றபோது கையில் வந்த தொகை. வளைகுடாவிலிருந்து மகன் அனுப்பிய காசு. இவற்றைக் கொண்டுதான் நம் பகுதி மக்கள் இப்பயணத்தை மேற்கொள்கிறார்கள். பலருக்கு வாழ்நாளில் இதுவே முதல் வெளிநாட்டுப் பயணம். முதல் விமானப் பயணமும் இதுவே. ஆகவே, குழுவாகப் புறப்படும் சகோதர சகோதரிகளுக்கு, பயண விளக்க வகுப்புகளை நடத்திவரும் மதரஸா ஆசிரியன் என்ற முறையில் சிலவற்றை எடுத்துரைக்க விழைகிறேன். அவற்றுள் ஒன்றை என் சொந்தத் தவறின் வாயிலாகக் கற்றேன். அதை இறுதியில் சொல்கிறேன்.

அன்று கப்பல், இன்று விமானம்

கல்லூரியில் வரலாறு படித்தவனாதலால் பழமையை நினையாமல் இருக்க இயலவில்லை. நம் திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காடு ஒரு காலத்தில் சோழமண்டலக் கடற்கரையின் பெருந்துறைமுகங்களுள் ஒன்று. டச்சுக்காரர்கள் 1613ஆம் ஆண்டில் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். அத்துறையிலிருந்து கப்பலேறிய துணிகளின் புகழ் எத்தகையது என்றால், மலாய் மக்கள் கைலியை இன்றும் பழவேற்காட்டின் பெயரைத் திரித்தே 'பெலிக்காட்' என்று அழைக்கிறார்கள். அக்காலத்தில் கடல் கடப்பவர் காற்றுக்கும் பருவத்துக்கும் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பிலேயே கணக்குகளைத் தீர்த்துத் தம்மை ஆயத்தப்படுத்திக்கொள்வார்.

ஹஜ் பயணமும் அவ்வாறே இருந்தது. நம் முன்னோர் இரயிலேறிப் பம்பாய் சென்று, முசாஃபிர்கானாவில் தங்கி, கப்பலில் நாட்கணக்கில் பயணம் செய்து ஜித்தா சேர்ந்தார்கள். அந்த ஹஜ் கப்பல் சேவை 1995ஆம் ஆண்டோடு நின்றது. கப்பலின் மேல்தளத்தில் ஆலிம்கள் பாடம் நடத்துவார்கள். முன்பு சென்று வந்தவர் புதியவருக்குச் சொல்லிக்கொடுப்பார். கரை சேருமுன் பயணி பாதி ஹாஜியாகிவிடுவார்.

இன்று நிலைமை என்ன? சென்னையில் விமானமேறினால், நேர்ப் பயணமாயின் ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் நாலாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள ஜித்தாவில் இறங்குகிறோம். வழியில் கற்றுக்கொள்ள நேரமில்லை. கப்பலில் கற்ற அனைத்தையும் இன்று வீட்டிலேயே கற்றாக வேண்டும். பயணம் சுருங்கச் சுருங்க, ஆயத்தம் நீள வேண்டும். நாமோ நேர்மாறாக, "எல்லாம் குழுத் தலைவர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிவிடுகிறோம்!

ஒட்டகத்தைக் கட்டுங்கள்

மூவர் பயணம் புறப்பட்டால் ஒருவரைத் தலைவராக்கிக்கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்துள்ளார்கள். ஆகவே, குழுவாகச் செல்வதும் தலைவருக்குக் கட்டுப்படுவதும் சுன்னத்தான வழியே. ஆனால் ஒட்டகத்தை முதலில் கட்டிவிட்டுப் பின்னர் இறைவன்மீது பொறுப்புச் சாட்டும்படி கற்பித்ததும் அதே நபியவர்கள்தாம். பணம் செலுத்துமுன் விசாரிப்பது அவநம்பிக்கை அன்று. அதுவே ஒட்டகத்தைக் கட்டுவது.

என்ன விசாரிக்க வேண்டும்? பயணம் நேர் விமானத்திலா, இடையில் இறங்கி மாறும் விமானத்திலா? மக்காவிலும் மதீனாவிலும் தங்கும் விடுதிகளின் பெயர் என்ன? 'ஹரமுக்கு அருகில்' என்று சொன்னால் போதாது. எத்தனை மீட்டர்? மேடா, சமதளமா? ஓர் அறைக்கு எத்தனை பேர்? சாப்பாடு எத்தனை வேளை? மக்காவிலிருந்து மதீனாவுக்குப் பேருந்திலா, 2018ஆம் ஆண்டு தொடங்கிய ஹரமைன் அதிவேக இரயிலிலா? பயணம் தடைப்பட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? இவற்றிற்கெல்லாம் எழுத்தில் விடை பெறுங்கள். முழுத் தொகையையும் ரொக்கமாகக் கையில் கொடுக்காதீர்கள். வங்கி வழியே செலுத்தி இரசீது வாங்குங்கள்.

இதில் தொழிலாளச் சகோதரர்கள் அறிய வேண்டிய ஒன்றுண்டு. வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புகளை விற்பவர், விலையோடு சேர்த்து வருமான வரிக்கென ஒரு தொகையை வசூலிக்க வேண்டும் என்பது 2020 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள சட்டம். அத்தொகை உங்கள் பான் எண்ணில் வரவு வைக்கப்படும். வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம். உங்களுக்கு வரி இல்லையெனில் திரும்பப் பெறலாம். பான் எண்ணைக் கொடுக்காமலும் கணக்கைத் தாக்கல் செய்யாமலும் இருந்து பலர் இப்பணத்தை இழக்கிறார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. உம்ரா விசாவிலோ வருகை விசாவிலோ சென்று ஹஜ்ஜையும் முடித்துத் தருகிறோம் என்று எவரேனும் ஆசை காட்டினால் மறுத்துவிடுங்கள். 2024ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது கடும் வெப்பத்தில் 1,301 பேர் உயிரிழந்தார்கள். அவர்களுள் 83 விழுக்காட்டினர் உரிய அனுமதியின்றி வந்தவர்கள் என்று சவூதி அரசு அறிவித்தது. அனுமதியில்லாதவருக்குக் கூடாரமில்லை, பேருந்தில்லை, குளிர்ந்த நிழலில்லை. 2025ஆம் ஆண்டிலோ, ஏற்பாடுகள் காலக்கெடுவுக்குள் முடியாமற்போனதால், தனியார் ஒதுக்கீட்டில் செல்லவிருந்த இந்தியர்களுள் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஹஜ்ஜுக்குச் செல்ல இயலவில்லை. முறையான வழியிலேயே இவ்வளவு இடர் உண்டெனில், குறுக்கு வழியைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ!

பெயரில் ஒரு பிரச்சினை

நம் சமுதாயத்தில் தந்தை பெயரின் முதலெழுத்தை இனிஷியலாக வைத்து ஒற்றைப் பெயரில் வாழ்ந்துவிடுகிறோம். பள்ளிச் சான்றிதழில் ஓர் எழுத்துக்கூட்டல், ஆதாரில் வேறொன்று, குடும்ப அட்டையில் மூன்றாவது! ஊருக்குள் இது சிக்கலாகாது. விமான நிலையத்தில் ஆகும். ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைச் சொல்லாகப் பெயருள்ளவர்களைச் சுற்றுலா, வருகை விசாக்களில் அனுமதிப்பதில் 2022 நவம்பரில் கட்டுப்பாடு விதித்தது. துபாய் வழியே சென்று, இடையில் அங்கே உறவினரைப் பார்க்க நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆகவே பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போதே பெயரையும் குடும்பப் பெயரையும் தனித்தனியே நிரப்புங்கள். விசாவிலும் விமானச் சீட்டிலும் அதே எழுத்துக்கள்தாமா என்று ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். புறப்படும் நாளில் பாஸ்போர்ட்டுக்கு ஆறு மாதத்துக்குக் குறையாத ஆயுள் இருக்க வேண்டும்.

பெட்டியில் எது, கையில் எது?

குழுவினரை மிகுதியாக அலைக்கழிப்பது பெட்டிதான். முதலில் நினைவிற் கொள்ள வேண்டியது இஹ்ராம் துணி. நேரே ஜித்தா செல்வோர், விமானம் மீக்காத் எல்லையைக் கடக்குமுன் இஹ்ராம் கட்டிவிட வேண்டும். அந்தத் துணியைப் பெரிய பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டு, விமானத்துக்குள் கையைப் பிசைந்தவர்கள் உண்டு. அது கைப்பையில் இருக்கட்டும். முதலில் மதீனா செல்லும் குழுவாயின், அங்கிருந்து மக்கா புறப்படும்போது துல்ஹுலைஃபாவில் இஹ்ராம் கட்டினால் போதும். எனவே 'முதலில் எந்த நகரம்?' என்பதைப் புறப்படுமுன்பே கேட்டறியுங்கள். இஹ்ராமில் நறுமணம் கூடாதாகையால் மணமில்லாத சோப்பை இங்கேயே வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். முடி குறைக்கும் கத்தரிக்கோல் பெரிய பெட்டியில் இருக்கட்டும். கைப்பையில் இருந்தால் சோதனையில் எடுத்துவிடுவார்கள். கைபேசிக்கு மின்னேற்றும் பவர் பேங்க் இதற்கு நேர்மாறு: அது கைப்பையில் மட்டுமே செல்லலாம்.

தாய்மார்களே, இதைச் சற்று ஊன்றிப் படியுங்கள். கசகசா! குருமாவுக்கும் பிரியாணிக்கும் நாம் அரைத்துச் சேர்க்கும் அந்தச் சிறு விதை, அபினிச் செடியின் விதை என்பதால் சவூதியிலும் அமீரகத்திலும் தடை செய்யப்பட்ட பொருள். மசாலாப் பொட்டலத்தில் ஒரு கைப்பிடி இருந்தாலும் விபரீதம். அங்கே வேலை செய்யும் மகனுக்கு என்று அடுத்த வீட்டார் கொடுக்கும் பொட்டலத்தையும் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். முகம் பார்த்து மறுக்க இயலாவிட்டால் கண் முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். கொப்பரைத் தேங்காயும் வேண்டாம். எளிதில் தீப்பற்றும் என்பதால் விமானத்தில் அதற்குத் தடையுண்டு.

மருந்துகளை மருத்துவரின் சீட்டோடு, அட்டையைப் பிரிக்காமல், கைப்பையில் எடுத்துச்செல்லுங்கள். நரம்பு வலிக்குத் தரப்படும் பிரிகாபாலின், கடும் வலிக்குத் தரப்படும் டிரமடால் போன்றவை சவூதியில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. அவற்றை உட்கொள்பவர்கள் முன் அனுமதி பற்றியோ மாற்று மருந்து பற்றியோ மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவிட வேண்டும்.

திரும்பும்போதும் கவனம் தேவை. ஸம்ஸம் நீரைப் பெட்டிக்குள் ஒளித்து வைக்காதீர்கள். விமான நிறுவனம் அனுமதித்தபடி, அதற்கென்று அடைக்கப்பட்ட ஐந்து லிட்டர் கேனாகவே பெற்றுக்கொள்ளுங்கள். நகை வாங்கிவரச் சொல்லும் உறவினரிடம் ஒன்றைத் தெளிவுபடுத்துங்கள்: தீர்வையின்றித் தங்க நகை கொண்டுவரும் சலுகை, ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்துத் திரும்புவோருக்குத்தான். பதினைந்து நாள் பயணிக்கு அது இல்லை.

காலுக்கும் பயிற்சி

ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஒருமுறை செல்ல ஏறத்தாழ 450 மீட்டர். ஏழு முறைக்கு மூன்று கிலோமீட்டருக்கு மேலாகிறது. அதற்கு முன் ஏழு சுற்று தவாஃப். கூட்டம் மிகுந்து மேல்தளத்துக்குப் போக நேர்ந்தால் ஒவ்வொரு சுற்றும் பன்மடங்கு நீளும். விடுதியிலிருந்து போய்வரும் நடை வேறு. அனைத்தும் உறக்கமில்லாத இரவுக்குப் பின்!

எனவே இரண்டு மாதங்களுக்கு முன்பிருந்தே ஃபஜ்ருக்குப் பின் நடக்கத் தொடங்குங்கள். ஒரு கிலோமீட்டரில் ஆரம்பித்து ஐந்து, ஆறு வரை உயர்த்துங்கள். அங்கே அணியப்போகும் செருப்பையே அணிந்து நடங்கள்; புதுச் செருப்போடு புனித மண்ணில் இறங்காதீர்கள். வெயிலைப் பற்றி நான் சொல்வதைவிட, உலைக்கூடங்களில் வேலை செய்யும் நம் பகுதித் தொழிலாளர்கள் நன்றாகச் சொல்வார்கள்: தாகம் எடுக்குமுன் குடி, வியர்வையோடு போன உப்பை ஈடுசெய். 2024 ஜூனில் மக்காவில் வெப்பம் 51.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது. கோடையில் செல்வோர் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களை மறவாதீர்கள். மூளைக்காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்குப் பத்து நாட்களுக்கு முன்னரே போட்டுக்கொண்டு சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள்.

சட்டங்களை இங்கேயே கேளுங்கள்

நம்மில் ஷாஃபிஈகளும் உண்டு, ஹனஃபிகளும் உண்டு. அன்னிய ஆண், பெண் தோல் பட்டால் ஒளூ முறியும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. முறியாது என்பது ஹனஃபி நிலை. தவாஃப் கூட்டத்தில் இக்கேள்வி எழாமல் இராது. நடுச் சுற்றில் நின்று வழிகாட்டியைத் தேடாதீர்கள். ஊரிலேயே உங்கள் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். பெண்கள் தங்கள் மாதக் கணக்கை எண்ணிப் பார்த்து, அந்நாட்களில் என்ன செய்யலாம், எதை ஒத்திவைக்க வேண்டும் என்பதை ஆலிமாவிடமோ, வீட்டு ஆண்கள் மூலமாகவோ முன்னரே அறிந்துகொள்ளட்டும். கூச்சத்தால் மறைத்து அங்கே அழுதவர்களை அறிவேன்.

மதீனாவில் ரவ்ழாவுக்குள் செல்ல நுஸுக் என்னும் கைபேசிச் செயலி வழியே அனுமதி பெற வேண்டும். 365 நாட்களுக்கு ஒருமுறைதான் என்று 2023 டிசம்பரில் விதி வந்தது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் நேரம் வெவ்வேறு. கைபேசி பழகாத பெரியவர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள் இதை இங்கேயே அமைத்துக் கொடுக்க வேண்டும்.

அந்த மாலைப் பொழுது

இனி என் தவறு. 2019ஆம் ஆண்டு என் தாயாரை அழைத்துக்கொண்டு ஒரு குழுவோடு உம்ரா சென்றேன். ஊரில் எல்லாருக்கும் வகுப்பு எடுத்தவன், வீட்டில் தாயாருக்கு எடுக்கவில்லை. 'நான்தான் கூடவே இருக்கிறேனே' என்ற எண்ணம்!

மூன்றாம் நாள் மஃக்ரிபுக்குப் பெண்கள் தொழும் பகுதியில் அவர்களை விட்டு, "தொழுததும் இந்த வாசலுக்கு வந்துவிடுங்கள்" என்று கையைக் காட்டிவிட்டுப் போனேன். வாசலின் எண்ணைச் சொல்லவில்லை. அவர்களுடைய கைபேசியோ, ஸஃயின்போது வாங்கி வைத்தது, என் பையிலேயே இருந்தது. தொழுகை முடிந்து கூட்டம் கலைந்தபோது, அந்த வெள்ளப்பெருக்கில் அவர்கள் வேறொரு வாசல் வழியே வெளியே தள்ளப்பட்டுவிட்டார்கள்.

இஷா முடிந்தும் காணவில்லை. மக்கா வீதியில் நின்று அழுதுகொண்டே துஆக் கேட்ட அந்த இரண்டு மணி நேரத்தை என்னால் மறக்க முடியாது. தாயாரோ ஒரு தூணோரம் அமர்ந்து தமிழில் துஆச் செய்துகொண்டிருந்திருக்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டு, அங்கே வேலை செய்யும் தமிழ் இளைஞர் ஒருவர், "எந்த ஓட்டல்லம்மா தங்கியிருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறார். "பேரு தெரியாது தம்பி, மகன் கூட வந்தேன்" என்பதே பதில். என் எண்ணும் அவர்களுக்கு மனப்பாடமில்லை. அந்த இளைஞர் தாயாரின் தோளில் தொங்கிய குழுப் பையைக் கவனித்து, அதே பை மாட்டிய இருவரைத் தேடிப் பிடித்து அவர்களிடம் ஒப்படைத்தார். அல்ஹம்து லில்லாஹ்! அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. இன்றுவரை என் துஆவில் அவர் 'அந்தத் தம்பி'தான்.

அறைக்கு வந்ததும் தாயார் ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. "ஊரில் அத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறாயே, எனக்கும் சொல்லியிருக்கலாமே" என்றார்கள். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து என் வகுப்பில் முதல் பாடம் ஓர் அட்டை. விடுதியின் பெயர், குழுத் தலைவரின் எண், உடன்வரும் உறவினரின் எண், இரத்த வகை, நோய் விவரம் ஆகியவற்றை அரபியிலும் ஆங்கிலத்திலும் எழுதி, ஒவ்வொருவர் கழுத்திலும் மாட்டிவிடுகிறோம். வாசல்களுக்கு எண் உண்டு என்பதையும், மன்னர் அப்துல் அஸீஸ் வாசல் 1, மன்னர் ஃபஹ்த் வாசல் 79 என்பதையும் பலகையில் எழுதிக் காட்டுகிறோம். எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டிகளும் ஓர் எண்ணை மனப்பாடமாகச் சொல்லிக்காட்டிய பிறகுதான் வகுப்பை முடிக்கிறோம். கைபேசியை எவரும் எவரிடமும் கொடுக்கலாகாது, மகனிடமும்கூட!

சகோதர சகோதரிகளே! கடன்களைத் தீர்த்து, வஸிய்யத்தை எழுதி, மனம் நோகச் செய்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் புறப்படுவது நம் முன்னோர் வழக்கம். அத்தோடு இந்த உலகாயத ஆயத்தங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹஜ் பயணிகள் வழித்துணைப் பொருளைத் தேடிக்கொள்ள வேண்டுமென்றும், அவற்றுள் சிறந்தது இறையச்சமே என்றும் திருமறை ஒரே இடத்தில் அறிவுறுத்துகிறது. ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கைவிடுவதற்கில்லை.

இவ்விதழை வாசித்து முடித்ததும் ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டிலிருந்து யாரேனும் புறப்படவிருந்தால், அவர்களை அருகில் அமர்த்தி, "எங்கே தங்கப்போகிறீர்கள்? யாருடைய எண் நினைவிருக்கிறது?" என்று கேளுங்கள். அவர்கள் தயங்கினால் அன்றைக்கே அவ்விரண்டையும் சொல்லிக்கொடுக்கத் தொடங்குங்கள். நம் அனைவருடைய பயணங்களையும் அல்லாஹ் எளிதாக்கி, ஏற்றுக்கொண்டு, நலமாக வீடு சேர்ப்பானாக! ஆமீன்.